எறும்பு கண்டதும் காணாததும்

உடுமலைப்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ‘சக்கரை இருக்குதுங்களா?’ என்னும் கேள்வி எந்த இடத்தில் எழுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமையும். மளிகைக் கடையில் எழுந்தால் அது கரும்புப் பாகைக் காய்ச்சித் தேய்த்துப் பொடியாக்கிய நாட்டுச் சர்க்கரையைக் குறிக்கும். விருந்தாளிக்குக் காபி கலக்கும் வீட்டில் எழுந்தால் வெள்ளைச் சீனியைக் குறிக்கும். ஆஸ்பத்திரித் திண்ணையில் எழுந்தாலோ, கேட்கப்படுபவரின் முகம் சற்றே வாடிவிடும். வெள்ளைச் சீனிக்கு இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வழங்கும் பெயர் ‘அஸ்கா’ என்பது. அது ஏதோ ஆங்கிலச் சொல்லின் திரிபு என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பழைய சென்னை ராஜதானியின் வடகோடியில், கஞ்சம் ஜில்லாவில் இருந்த அஸ்கா என்னும் ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்த சர்க்கரை ஆலையின் சரக்கு தெற்கே இறங்கியபோது ஊரின் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது என்பது பின்னரே தெரிய வந்தது. 1936இல் கஞ்சம் ஒரிஸ்ஸாவோடு போய்ச் சேர்ந்தது. அஸ்கா மட்டும் கொங்கு நாட்டு அடுக்களைகளை விட்டுப் போகவில்லை.

பண்டத்துக்கும் நோய்க்கும் ஒரே பெயர் வழங்குவது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம்தான் எனினும், உடுமலையில் அந்தப் பெயருக்கு ஒரு தனிக் கனம் உண்டு. அமராவதி ஆற்றின் பழைய ராஜவாய்க்கால்கள் பாயும் கொமரலிங்கம், கொழுமம், கல்லாபுரம் முதலிய ஊர்களில் நெல்லோடு கரும்பும் நெடுங்காலமாக விளைந்து வந்தது. மலைக்கு அப்பால் மறையூரிலும் இன்றளவும் கரும்பாலைகள் புகைந்துகொண்டிருக்கின்றன. எழுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோயம்புத்தூரில் 1912இல் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், பார்பர் என்னும் ஆங்கிலேயரும் அவருக்குப்பின் பொறுப்பேற்ற டி. எஸ். வெங்கட்ராமனும், இனிப்பு மிகுந்த ‘வெள்ளை’ என்னும் கரும்பை ஆற்றங்கரையில் தானாக வளரும் காட்டுக் கரும்போடு கலந்து பெற்ற ‘கோ 205’ என்னும் இனம், 1918இல் வெளிப்போந்து வடநாட்டு வயல்களின் போக்கையே மாற்றிற்று. 1950களின் பிற்பகுதியில் அமராவதி அணை எழுந்தது. 1960இல் கிருஷ்ணாபுரத்தில், கூட்டுறவு முறையில் தமிழ்நாட்டில் தோன்றிய முதல் சர்க்கரை ஆலை என்று பெயர்பெற்ற அமராவதி ஆலையும் அரைக்கத் தொடங்கிற்று. ஆகவே, உலகத்துக்கு இனிப்பைப் பெருக்கிக் கொடுத்த காரியத்தில் இந்தப் பிரதேசத்துக்குச் சிறிதல்லாத பங்கு உண்டு.

ஆயினும் நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது சர்க்கரை நோயின் சரித்திரமன்று. ‘உங்களுக்குச் சர்க்கரை இல்லை’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் சரித்திரத்தை, அதாவது, அந்த ‘இல்லை’ என்னும் சொல்லை எந்த எந்தக் காலத்தில் எந்த எந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னோம் என்பதைத்தான் சிறிது ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

முதல் அளவுகோல் எறும்பு. சிறுநீரை எறும்பும் ஈயும் மொய்த்தால் அது மதுமேகம் என்பது நம் நாட்டுப் பழைய ஆயுர்வேத சாஸ்திரங்கள் கண்ட உண்மை. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்னும் வைத்தியர் 1674இல் அதே நீரை நாவில் வைத்துப் பார்த்து, தேன்போல் இனிக்கிறது என்று எழுதினார். எறும்பிடம் விட்டுவிட்ட நம்மவரின் முறையே எனக்கு மேலாகத் தோன்றுகிறது. 1776இல் மாத்யூ டாப்ஸன் என்பவர் அந்தச் சிறுநீரைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரையைக் கண்ணாற் கண்டதோடு, அத்தகையவரின் ரத்தத்து நீரும் இனிப்பதைக் குறித்து வைத்தார். அதன் பின் ரசாயனம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து ஆய்வுக்கூடத்தில், ஸ்பிரிட் விளக்கின்மேல் சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, பெனிடிக்ட் கரைசலின் நீலம் பச்சையாகிறதா, மஞ்சளாகிறதா, செங்கல் நிறத்துக்கு ஏறுகிறதா என்று ஊழியர் பார்த்துக்கொண்டிருந்த காட்சி, ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் நினைவிருக்கும். முறை மாறிற்றே ஒழிய, பார்த்த பொருள் எறும்பு பார்த்த அதே பொருள்தான்.

எறும்பிடம் ஒரு குறை உண்டு. அது காலதாமதமாக வரும் சாட்சி. ரத்தத்தில் நூறு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் சர்க்கரை சேரும் வரையில் சிறுநீரகம் அதை வெளியே விடுவதில்லை. வடிகட்டியதை எல்லாம் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஆரோக்கியமுள்ள ஒருவர் இரவெல்லாம் பட்டினி கிடந்து எழும்போது அந்த அளவு 70க்கும் 100க்கும் இடையே நிற்கும். இந்த நூறுக்கும் அந்த நூற்றெண்பதுக்கும் நடுவே கிடக்கும் பரந்த வெளியில் ஒரு தேகம் பல ஆண்டுகள் உலவிக்கொண்டிருந்தாலும் எறும்புக்கு அது தெரியாது.

அந்த வெளியில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். நாம் உண்டது சர்க்கரையாகி ரத்தத்தில் சேர்ந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சென்று தசைக்கும் கொழுப்புக்கும் கதவைத் திறந்துவிட்டு, கல்லீரலைப் பார்த்து, ‘நீ சேமித்து வைத்திருப்பதை இப்போது அவிழ்க்காதே’ என்று தடுக்கிறது. உறக்கத்தில், ஆகாரம் இல்லாத நேரத்தில், கல்லீரலே அந்த மூட்டையைச் சிறிது சிறிதாக அவிழ்த்து மூளைக்குப் படியளக்கிறது. வாய்க்கால் பாசனம் தெரிந்த ஊர்க்காரருக்கு இதை விளக்க அதிகப் பிரயாசை வேண்டியதில்லை. மடை திறக்கும் நீர்க்கட்டியின் சொல்லை வயல்கள் கேட்காமல் போனால் அவன் இரட்டிப்பாகக் கூவ வேண்டியிருப்பது போல, இன்சுலினின் சொல் எடுபடாத தேகத்தில் கணையம் இருமடங்கு, மும்மடங்கு சுரந்து அளவைச் சமன்படுத்திக்கொண்டே இருக்கிறது. சோதனைச் சீட்டில் எண் சரியாகவே இருக்கும். அந்த எண்ணைச் சரியாக வைத்திருப்பதற்காக உள்ளே நடக்கும் கூக்குரல் சீட்டில் ஏறாது.

1907இல் இங்கிலாந்தின் வைத்தியர்கள் உஷ்ண தேசங்களில் காணும் நீரிழிவைப் பற்றி ஒரு பெரிய விவாதம் நடத்தினர். படித்து உத்தியோகம் பார்த்து மேஜையடியில் உட்கார்ந்திருக்கும் வங்காளிக் கனவானின் நோயாகவே அது அங்கே சித்திரிக்கப்பட்டது. கம்பஞ்சோறும் சோளச்சோறும் ராகிக் களியும் உண்டு, கொள்ளுப் பருப்பைக் கடைந்து ஊற்றிக்கொண்டு, கிணற்றில் கவலை இறைத்த கொங்கு நாட்டுக் குடியானவனை அந்தச் சபையில் நினைத்தவர் இருந்திருக்க மாட்டார். நினைப்பதற்கு முகாந்திரமும் அன்று இல்லை. நெல்லஞ்சோறு என்பது நோன்பு நொடிக்கும் விருந்துக்கும் உரியதாக இருந்தது என்று என் அம்மாயி சொல்வார். அரிசிச் சோறு தின்பதற்காகவே கலியாணத்துக்கு நடந்து போனவர்களின் கதைகளும் அவரிடம் இருந்தன. பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைச் சீமைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து பஞ்சாலைகள் பெருகின. மின்சார மோட்டார் கவலையை ஓய்வுபெறச் செய்தது. அமராவதியும் பரம்பிக்குளம்–ஆழியாறும் வறண்ட நிலங்களுக்கு நீர் கொணர்ந்தன. ரேஷன் அரிசி களியை அடுப்பிலிருந்து இறக்கிற்று. இவை ஒவ்வொன்றும் நன்மையே. இறைப்பவனின் முதுகு அறியும் அந்த நன்மையை, கவலை இறைத்தறியாத நாம் இன்று உட்கார்ந்து பழிப்பது அழகன்று.

1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே இத்தகைய முயற்சிகளுள் முதலாவது என்று அது போற்றப்படுகிறது. 1970களின் முற்பகுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல இடங்களில் எடுத்த கணக்கின்படி, நகரத்தாரில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் கிராமத்தாரில் ஒன்றரைப் பேருக்கும்தான் இந்த நோய் இருந்தது. எண்ணிக்கை சொற்பமாக இருந்த காலம் ஆதலால், ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்னும் இரண்டே அறைகள் போதுமானவையாகத் தோன்றின. 1979இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று மூன்றாவது அறை ஒன்றைக் கட்டிற்று. குளுக்கோஸ் நீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது அளவு 140ஐத் தாண்டி 200ஐ எட்டாமல் நிற்பவர்களை அதில் வைத்தார்கள். 1997இல் வெறும் வயிற்றில் எடுக்கும் சோதனைக்கும் அத்தகைய ஒரு நடு அறை ஏற்பட்டது. 110 என்று இருந்த அதன் வாசற்படியை 2003இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100க்கு இறக்கிற்று. ஒரே இரவில், எந்த மாற்றமும் இல்லாத தேகத்தோடு, உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் ‘இல்லை’ என்னும் அறையிலிருந்து ‘இனி வரலாம்’ என்னும் அறைக்குக் குடி மாறினார்கள்! உலக சுகாதார நிறுவனமோ இன்னும் 110லேயே நிற்கிறது.

நடு அறை ஒன்றைக் கட்டியது வீண் பயமுறுத்தல் என்று சொல்லிவிட முடியாது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வொன்றில், நடு அறையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு சுமார் இரண்டரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகள் ஆகிவிட்டனர். நடையும் ஆகாரமும் திருத்தப்பட்டவர்களில் அது 39ஆகக் குறைந்தது. இந்த எண்களில் என் மனத்தை உறுத்துவது முதலாவதுதான். இரண்டரை வருஷத்தில் பாதிக்கு மேல் என்றால், நம்மவர் அந்த நடு அறையில் தங்குவது சத்திரத்தில் ஓர் இரவு தங்குவது போலத்தான். 2011இல் வெளியான இன்னொரு கணக்கு, தமிழ்நாட்டில் நோயுள்ளோர் நூற்றுக்கு 10.4 என்றும் நடு அறையில் இருப்போர் 8.3 என்றும் கூறிற்று. வாயிலில் நிற்பவர்களைவிட உள்ளே போய்விட்டவர்கள் அதிகம்.

இனி, இந்தச் சரித்திரத்தின் மற்றோர் இழைக்கு வருகிறேன். சரீரத்தில் ஓர் இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, நோகும் நிலைக்குத் தமிழில் அழற்சி என்று பெயரிட்டவர் எவரோ, மிகப் பொருத்தமாகவே இட்டிருக்கிறார். அழல் என்பது நெருப்பு. வளி, அழல், ஐயம் என்று சித்த வைத்தியம் வகுக்கும் மூன்றில் பித்தத்துக்கும் அதுவே பெயர். இந்தச் சொல் ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு, இன்றைய விஞ்ஞானம் சொல்வதை எல்லாம் நம் சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மேடையேறுபவர்கள் உண்டு. அவர்கள் சித்தர்களுக்கும் நன்மை செய்யவில்லை, விஞ்ஞானத்துக்கும் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கண்ணுக்குத் தெரியாத உள் அழலை அளக்க ஐரோப்பியர் முதலில் கையாண்ட கருவி மிக எளியது: ரத்தத்தை உறையாமல் ஒரு நெட்டைக் குழாயில் நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்று பார்ப்பது. 1918க்கும் 1921க்கும் இடையே ஸ்வீடன் தேசத்து ஃபாரேயஸும் வெஸ்டர்கிரேனும் இதை முறைப்படுத்தினர்; ஈ. எஸ். ஆர். என்னும் பெயரோடு காசநோய் ஆஸ்பத்திரிகளில் எல்லாம் இது நுழைந்தது. 1930இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா கண்டவர்களின் ரத்த நீர், அந்தக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ‘சி’ என்னும் பகுதியோடு சேர்ந்தால் திரிந்து படிவதையும், நோய் தணிந்ததும் அந்தக் குணம் மறைந்துவிடுவதையும் கண்டனர். பின்னர் சி–ரியாக்டிவ் புரதம் என்று அதற்குப் பெயர் வந்தது; சி. ஆர். பி. என்று இன்று நம் ஆய்வுக்கூடச் சீட்டுகளில் நிற்பது இதுவே. எங்கேனும் அழற்சி மூண்டால், அங்கிருந்து ரத்தத்தில் வரும் சேதியைக் கேட்டுக் கல்லீரல் இதை உண்டாக்கி அனுப்புகிறது. சர்க்கரை மூட்டையை அவிழ்க்கும் அதே கல்லீரல்!

இந்த இரண்டு இழைகளும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பதற்கான முதல் தடயம், எவரும் பொருட்படுத்தாத ஒரு மூலையில் நெடுநாள் கிடந்தது. 1876இல் ஜெர்மனியில் எப்ஸ்டைன் என்னும் வைத்தியர், வாதவலிக்குக் கொடுக்கும் சாலிசிலேட் மருந்து சில நீரிழிவுக்காரர்களின் சிறுநீர்ச் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டு எழுதினார். 1901இல் வில்லியம்சன் என்னும் ஆங்கிலேயரும் அதையே கண்டார். மூட்டு அழற்சியைத் தணிக்கும் மருந்துக்குச் சர்க்கரையிடம் என்ன வேலை என்று கேட்க அந்தக் காலத்தில் கருவியும் இல்லை, அவசரமும் இல்லை. 1921இல் இன்சுலின் கிடைத்துவிட்ட பிறகு அந்தக் கேள்வியை நினைப்பாரும் இல்லை. 1993இல்தான், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தானே சுரந்து இன்சுலினின் சொல்லைக் கெடுக்கிறது என்று ஹோட்டமிஸ்லிகில் என்பவரும் அவர் தோழர்களும் காட்டினர். 2001இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவு இல்லாத இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் ரத்தத்தைச் சேமித்து வைத்து நான்கு ஆண்டு காத்திருந்து பார்த்தபோது, சி. ஆர். பி. மிகுந்திருந்தவர்களுக்கு, உடற்பருமன் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும், அது மிகக் குறைந்திருந்தவர்களைவிட நான்கு மடங்கு நீரிழிவு அபாயம் இருந்தது தெரிந்தது. எண்கள் எல்லாம் நன்றாக இருந்த நாளிலேயே உள்ளே ஏதோ கனன்றுகொண்டிருந்தது.

நம் நாட்டில் இந்த விஷயம் ஒரு விசித்திரமான வளைவை எடுத்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நகரத்து மக்களிடையே நடத்திவந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதியாக, யானைக்கால் கிருமியின் தடயம் யார் யார் ரத்தத்தில் உள்ளது என்று பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். சர்க்கரை அளவு சரியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 10.4 பேரிடமும், நடு அறையில் இருந்தவர்களில் 9.1 பேரிடமும், புதிதாக நோய் கண்டவர்களில் 5.7 பேரிடமும், பழைய நோயாளிகளில் 4.3 பேரிடமும் அது காணப்பட்டது. படி இறங்குவது போல இறங்குகிறது எண். கிருமி குடிகொண்டிருந்த நீரிழிவுக்காரர்களின் ரத்தத்தில் அழற்சியின் அடையாளப் புரதங்களும் குறைவாகவே இருந்தன. ஒட்டுண்ணியான அந்தப் புழு, தான் பிழைத்துக் கிடப்பதற்காக வீட்டுக்காரனின் அழலை ஓயாமல் அவித்துக்கொண்டிருக்க, அதன் பயனாகச் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்கிறதோ என்று ஓர் ஊகம் பிறந்தது. ஒரு நாளில் எடுத்த கணக்கைக் கொண்டு எது காரணம், எது காரியம் என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. நீரிழிவு வந்தபின் கிருமி நிலைக்காமல் போயிருக்கவும் கூடும். எனினும், யானைக்காலை ஒழிக்கத் தலைமுறை தலைமுறையாக மாத்திரை கொடுத்துப் பாடுபட்ட ஒரு ராஜ்யத்தில் இப்படி ஒரு கணக்கு வெளியானதை எண்ணினால் சிரிப்பதா, சிந்திப்பதா என்று விளங்கவில்லை.

இவற்றையெல்லாம் கொண்டு, சி. ஆர். பி.யே சர்க்கரையை உயர்த்துகிறது என்று முடிவு கட்டிவிடுவது தவறு. பிறவியிலேயே அந்தப் புரதம் சற்று மிகுந்து சுரக்கும் மரபுக்கூறு உடையவர்களை ஆராய்ந்ததில், அவர்களுக்கு நீரிழிவு மிகுதியாக வரவில்லை. அழற்சியை அடக்கும் விலையுயர்ந்த ஊசி ஒன்றைப் பதினாயிரம் இருதய நோயாளிகளிடம் சோதித்தபோது சி. ஆர். பி. நன்றாகக் குறைந்தது, மாரடைப்பும் குறைந்தது. ஆனால் புதிதாக நீரிழிவு காண்பது மட்டும் குறையவில்லை. மேலும், நம் ஊரில் ஒருவருக்குச் சளி பிடித்திருந்தாலும், ஈறு வீங்கியிருந்தாலும், காலில் முள் தைத்துச் சீழ் வைத்திருந்தாலும் அந்த எண் ஏறிவிடும். முழுவுடற் பரிசோதனை என்று ஒரு கட்டாகச் சேர்த்து, ஆரோக்கியமாக இருப்பவரிடம் இந்தச் சோதனையையும் எடுத்து, ஏறியிருக்கும் எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்துப் பீதியுறச் செய்யும் வழக்கம் பெருகி வருவதை நான் ரசிக்கவில்லை.

எண்ணைவிட எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வாழ்வு முக்கியம் என்பதால், மீண்டும் உடுமலைக்கே திரும்புகிறேன். இங்கே நாழிகையை வெகுகாலம் அறிவித்தது ஆலைச் சங்கு. பஞ்சாலை மூன்று ஷிப்டாக ஓடும். பகல், அரை நைட்டு, முழு நைட்டு என்று வாரத்துக்கு வாரம் மாறும். திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு பஸ்ஸேறுபவர்களுக்கோ ‘ஒன்றரை ஷிப்டு’ என்பது அன்றாடச் சொல். சரக்குக் கப்பலேறும் நாள் நெருங்கினால் விடிய விடியத் தையல் நடக்கும். இரண்டு மணிக்கு ஒரு டீயும் பன்னும் வரும். பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2009இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள்: நோயற்ற பத்துப் பேரை ஒரு கூடத்தில் தங்கவைத்து, நாளொன்றுக்கு 28 மணி நேரம் என்று கணக்கை மாற்றி, உறக்கமும் உணவும் மெல்ல மெல்லத் தலைகீழாகும்படி செய்தனர். முழுமையாக அளக்க முடிந்த எட்டுப் பேரில் மூவருக்கு, சில தினங்களுக்குள்ளேயே, உணவுக்குப் பிந்திய சர்க்கரை நடு அறையின் எல்லைக்குள் போய்விட்டது. 2014இல் வெளியான இன்னோர் ஆய்வில் இரண்டு குழுவினருக்கும் உறக்கத்தை ஒரே அளவாகக் குறைத்தும், உறங்கும் வேளையும் மாற்றப்பட்ட குழுவினருக்கே சி. ஆர். பி. அதிகமாக ஏறியது. அந்தக் கூடத்துக்கு வந்தவர்கள் தொண்டர்கள்; சோதனை முடிந்ததும் வீட்டுக்குப் போனார்கள். நம் பக்கத்து ஆலைத் தொழிலாளர் முப்பது வருஷமாக அதே கூடத்தில் இருக்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்ட பிறகு, வீட்டு வாசலிலேயே விரல் நுனியில் ஒரு சொட்டெடுத்துப் பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. சென்ற தை மாதம் ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில், காலை எட்டு மணிக்கு நான் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால், தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், முழு நைட்டு முடித்து நேரே வந்திருந்த ஒரு பெண்மணி விரலை நீட்டினார். கருவியில் 108 என்று வந்தது.

“வெறும் வயித்துலதானுங்கம்மா வந்திருக்கீங்க?” என்று நர்ஸ் கேட்டார்.

“காலையில ஒண்ணும் சாப்படலீங்க” என்றவர், சிறிது யோசித்துவிட்டு, “நைட்டு நாலு மணிக்கு ஒரு டீ குடிச்சேனுங்க. அது நேத்தைக்கணக்குங்களா, இன்னைக்கணக்குங்களா?” என்று கேட்டார்.

நர்ஸ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே பக்கத்து மேஜையில் இருந்த டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.